திட்டத்திற்கு முன் மதிப்பீடு

அணை, கால்வாய், சுரங்கம், சாலை, ஆலை ஆகிய எதுவாயினும், மனிதன் மேற்கொள்ளும் ஒவ்வொரு பெரிய வேலையும் இருவகை விளைவுகளைத் தருகிறது. முதல் வகை, அவ்வேலையை மேற்கொண்டதற்குக் காரணமான பயன். பாசனம், மின்சாரம், உற்பத்தி, போக்குவரத்து முதலியவை இதிற் சேரும். இரண்டாம் வகை, யாரும் வேண்டாமலே தோன்றும் விளைவுகள். நிலத்தடி நீர் உயர்தல், மண் உவராதல், நோய் பரவுதல், காடு அழிதல், மீன்வளம் குன்றுதல் ஆகியவை இவ்வகையின. முதல் வகை விளைவு திட்ட அறிக்கையின் முதற் பக்கத்திலேயே இடம் பெற்றுவிடும். இரண்டாம் வகை விளைவோ பெரும்பாலும் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே, அதுவும் திட்டத்தால் யாதொரு பயனும் அடையாத மக்களின் நிலத்திலோ உடலிலோ தென்படும்.

இவ்விரண்டாம் வகை விளைவுகளை வேலை தொடங்குவதற்கு முன்னரே ஆராய்ந்தறிந்து, அவற்றைத் தவிர்க்கவும் குறைக்கவும் வழி காண்பதும், அவை தாங்கவொண்ணாதனவாயின் திட்டத்தையே மாற்றுவதோ கைவிடுவதோ தகுமா எனத் தீர்மானிப்பதுமே ‘சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு’ எனப்படும். இது சட்டத்தின் பெயரால் வழங்கத் தொடங்கியது அண்மைக் காலத்திலேயாயினும், இதன் அடிப்படைக் கருத்து இந்தியாவுக்குப் புதியதன்று. ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்னர் யமுனை ஆற்றங்கரையில் நடைபெற்ற ஓர் ஆய்வை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம்.

கர்னால் கற்பித்த பாடம்

மேற்கு யமுனைக் கால்வாய் பழமையானது. பதினான்காம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் வெட்டுவித்த இக்கால்வாய், மொகலாயர் காலத்தில் டில்லி வரை நீட்டப்பெற்றது. பின்னர்த் தூர்ந்து கிடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேயர் இதனைப் பழுதுபார்த்து மீண்டும் நீரோடச் செய்தனர். பாசனம் பெருகிற்று, வறண்ட நிலங்களில் பயிர் விளைந்தது. ஆயினும் கால்வாயையொட்டிய பல ஊர்களில் முறைக்காய்ச்சலும் பெருகியது. கர்னால் நகரில் இருந்த பெரிய படைவீடு நோயினால் நிலைகுலைந்து, 1840-களின் தொடக்கத்தில் கைவிடப்பட்டது. படைகள் அம்பாலாவுக்கு மாற்றப்பட்டன.

அதே சமயத்தில், ஹரித்துவாரிலிருந்து கங்கை நீரைத் தோவாப் பிரதேசத்துக்குக் கொண்டு செல்லும் மிகப் பெரிய கால்வாய் ஒன்றன் வேலை, ப்ரோபி காட்லி என்னும் பொறியாளரின் திட்டப்படி தொடங்கப்பெற்றிருந்தது. கர்னாலில் நிகழ்ந்தது கங்கைக் கால்வாயின் கரையிலும் நிகழுமோ என்ற ஐயம் எழுந்தது. இதனை ஆராயும் பொருட்டுப் பேக்கர், டெம்ப்ஸ்டர், யூல் ஆகிய மூவரைக் கொண்ட குழு ஒன்று அமைக்கப்பெற்றது. பேக்கரும் யூலும் பொறியாளர், டெம்ப்ஸ்டர் மருத்துவர். இக்குழுவின் அறிக்கை 1847-ஆம் ஆண்டு வெளிவந்தது.

இங்குக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. முறைக்காய்ச்சலுக்குக் காரணமான நுண்ணுயிரை லாவெரான் கண்டது 1880-ஆம் ஆண்டில்; அதனைக் கொசு பரப்புகிறது என்பதற்குரிய முதற் சான்றை ரொனால்டு ராஸ் சிகந்தராபாத்தில் கண்டது 1897-ஆம் ஆண்டில். ஆகவே 1847-ஆம் ஆண்டில் அக்குழுவினருள் எவருக்கும் நோயின் உண்மைக் காரணம் தெரியாது. சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என அக்காலத்து மருத்துவர் நம்பினர். அவ்வாறிருந்தும் அவர்களது ஆய்வு பயனளித்தது. இதற்குக் காரணம் அவர்கள் கையாண்ட முறையேயாகும்.

முறைக்காய்ச்சல் பலகாலம் பற்றியவர்களுக்கு மண்ணீரல் வீங்கும். வயிற்றின் இடப்புறத்தில், விலா எலும்பின்கீழ்க் கைவைத்து அழுத்திப் பார்த்தால் இவ்வீக்கத்தை உணரலாம். குழுவினர் கால்வாயை அடுத்த ஊர்களுக்கும், கால்வாய்க்குத் தொலைவிலுள்ள ஊர்களுக்கும் சென்று, மக்களின் மண்ணீரலை இவ்வாறு சோதித்தனர். ஒவ்வோர் ஊரிலும் வீக்கமுடையோர் எத்தனைபேர் எனக் கணக்கிட்டதோடு, அவ்வூரின் மண் இறுகிய களியா, இளக்கமான மணற்பாங்கா, கிணற்று நீர்மட்டம் எவ்வளவு ஆழத்தில் உள்ளது, மழைநீர் வடிய வழியுண்டா என்பவற்றையும் குறித்தனர். பின்னர் இவ்விரு பட்டியல்களையும் ஒப்பிட்டனர். கால்வாய் அருகிலிருப்பது மட்டும் நோய்க்குக் காரணமன்று. நீரை உறிஞ்சாத இறுகிய மண்ணும், கால்வாய்க் கரையால் அடைபட்ட வடிகாலும், மேலெழுந்த நீர்மட்டமும் சேருமிடத்திலேயே நோய் மிகுதி என்பது அவ்வொப்பீட்டால் விளங்கிற்று.

இம்முடிவிலிருந்து கங்கைக் கால்வாய்க்குரிய பரிந்துரைகள் பிறந்தன. இயற்கை வடிகால்களை எவ்விடத்தும் அடைக்கலாகாது. கரைக்கு மண் எடுப்பதற்காக நீர் தேங்கும் பள்ளங்களைத் தோண்டி விடலாகாது. பெரிய ஊர்களை ஒட்டிய நிலங்களில் பாசனம் கூடாது என்பன அவற்றுட் சில. கங்கைக் கால்வாய் 1854-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாள் திறக்கப்பெற்றது. ரூர்க்கிக்கு அருகே சோலானி ஆற்றின்மேல் கால்வாயையே பாலத்தின் மீது கொண்டு சென்றதும், வேறு சில காட்டாறுகளைக் கால்வாய்க்கு மேலாகக் கடத்தியதும் அக்கால்வாயின் சிறந்த கட்டட வேலைகளாம். எனினும் பரிந்துரைகள் யாவும் பின்னாட்களில் முழுமையாகக் கடைப்பிடிக்கப்படவில்லை. கிளைக் கால்வாய்கள் பெருகியபோது தோவாப் பிரதேசத்தின் பல பகுதிகளில் நீர்த்தேக்கமும் உவரும் தோன்றின. வடிகால்களைப் பின்னர்ப் பெருஞ்செலவில் வெட்ட நேர்ந்தது.

கர்னால் ஆய்வு கற்பிக்கும் பாடங்கள் மூன்று. ஒன்று, முன்னர் நடந்த திட்டத்தின் விளைவைக் கண்டறிவதே அடுத்த திட்டத்தை மதிப்பிடுவதற்குரிய முதற்படி. இரண்டு, காரணம் முழுதும் தெரியும்வரை காத்திராமல், பாதிக்கப்பட்ட இடத்தையும் பாதிக்கப்படாத இடத்தையும் முறையாக ஒப்பிட்டுப் பயனுள்ள முடிவுக்கு வரலாம். மூன்று, அறிக்கை எழுதுவதோடு மதிப்பீடு முடிவதில்லை; கண்ட முடிவுகள் நடைமுறைக்கு வருதல் வேண்டும்.

மெதுவாக வரும் தீமை

மதிப்பீட்டில் கடினமான பகுதி, உடனே புலப்படாத விளைவுகளைக் கணித்தலாகும். கால்வாய்ப் பாசனத்தையே மேலும் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

ஒரு வட்டாரத்தில் கிணற்று நீர்மட்டம் தரைக்குக்கீழ் 12 மீட்டர் ஆழத்தில் உள்ளதெனக் கொள்க. புதிய கால்வாயிலிருந்தும் வயல்களிலிருந்தும் கசியும் நீரால் நீர்மட்டம் ஆண்டுக்கு 25 சென்டிமீட்டர் உயருமாயின், தொடக்கத்தில் எவரும் அதனைக் கேடெனக் கருதார். கிணற்றில் நீர் மேலே வருவதைக் கண்டு உழவர் மகிழ்வர். நீர்மட்டம் தரையிலிருந்து 2 மீட்டருக்குள் வந்துவிட்ட நிலத்தை நீர் தேங்கிய நிலம் என நம் நாட்டு நீர்வளத் துறையினர் வகுத்துள்ளனர். மேற்கூறிய வட்டாரத்தில் நீர் 10 மீட்டர் உயர்ந்தால் அந்நிலை எய்தும். 10 மீட்டரை 25 சென்டிமீட்டரால் வகுத்தால் 40 ஆண்டுகள் எனப் பெறப்படும். கால்வாயை வகுத்த பொறியாளர் அப்போது பணியிலிருந்து ஓய்வு பெற்றிருப்பார்; நிலத்தை உழுபவன் அன்று பாசனம் பெற்ற உழவனின் மகனாக இருப்பான்.

இனி உப்பைக் காண்க. நல்ல ஆற்று நீரிலும் சிறிதளவு உப்பு கரைந்துள்ளது. ஒரு லிட்டரில் 200 மில்லிகிராம் உப்புள்ள நீரைச் சுவைத்தால் உப்பென்றே தோன்றாது. ஒரு ஹெக்டேர் நிலத்தில் ஆண்டுக்கு ஒரு மீட்டர் உயரம் நீர் பாய்ச்சினால், 10,000 கன மீட்டர் நீர் பாய்கிறது. ஒரு கன மீட்டரில் உள்ள உப்பு 200 கிராம்; ஆகவே ஆண்டுதோறும் அந்நிலத்தில் வந்து சேரும் உப்பு 2,000 கிலோகிராம், அஃதாவது 2 டன். வடிகால் நன்கு அமைந்திருந்தால் இவ்வுப்பிற் பெரும்பகுதி கழுவப்பட்டு அகலும். வடிகால் இல்லையேல், நீரைக் கதிரவன் கொண்டுபோக, உப்பு நிலத்தில் தங்கும். நீர்மட்டம் தரையை நெருங்கிய பின்னர், அடிமண்ணில் ஏற்கெனவே இருந்த உப்பும் நுண்துளை ஏற்றத்தால் மேலெழுந்து வெண்ணிறப் படிவமாகப் பரவும்.

இராஜஸ்தானத்தில் 1958-ஆம் ஆண்டு வேலை தொடங்கப்பெற்று, இன்று இந்திரா காந்தி கால்வாய் என வழங்கப்பெறும் பெருங்கால்வாய், பாலைவனத்தில் பயிர் விளைவித்த அரிய சாதனையாகும். எனினும் அதன் முதற் கட்டப் பகுதியில், ஹனுமான்கரைச் சூழ்ந்த தாழ்நிலங்களில் நீர் தேங்கி வயல்களும் வீடுகளும் பாழாயின. மணலுக்கடியில் நீர் இறங்கவொட்டாத இறுகிய அடுக்கு பல இடங்களில் இருந்ததே இதற்கு ஒரு முக்கிய காரணம். மேற்பரப்பு மணலாயிருப்பது கொண்டு நீர் எளிதில் வடிந்துவிடும் என எண்ணுவது தவறாகும் என்பதை இது காட்டுகிறது. மண்ணின் மேலடுக்கை மட்டுமன்றி அடியடுக்கையும் துளையிட்டறிதல், மதிப்பீட்டின் இன்றியமையாத பகுதியாகும்.

அமைதிப் பள்ளத்தாக்கு

திட்டத்தைச் சிறிது மாற்றினால் கேட்டைத் தவிர்க்கலாம் என்ற நிலை கங்கைக் கால்வாயினுடையது. திட்டத்தையே கைவிட்டாலொழியக் கேட்டைத் தவிர்க்க இயலாது என்ற நிலையும் சிலவிடத்து உண்டாகும். இதற்கு எடுத்துக்காட்டு, கேரளத்தின் பாலக்காட்டு மாவட்டத்திலுள்ள அமைதிப் பள்ளத்தாக்கு. நீலகிரி மலையின் தென்மேற்குச் சரிவை அடுத்துள்ள இப்பள்ளத்தாக்கின் நடுவே குந்திப்புழை என்னும் ஆறு ஓடுகிறது. அது தூதப்புழையோடு கலந்து பாரதப்புழையை அடைகிறது.

இவ்வாற்றின் குறுக்கே சைரந்திரி என்னுமிடத்தில் ஏறத்தாழ 130 மீட்டர் உயரமுள்ள அணை கட்டி, 120 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் திட்டம் 1973-ஆம் ஆண்டு திட்டக் குழுவின் ஒப்புதலைப் பெற்றது. மின்பற்றாக்குறையால் பின்தங்கியிருந்த மலபார்ப் பகுதிக்கு இது தேவையானதே. நீரில் மூழ்கும் பரப்பு 830 ஹெக்டேர். காட்டின் மொத்தப் பரப்பை நோக்க இது சிறு பகுதியே எனத் திட்டத்தை ஆதரித்தோர் கூறினர்.

பரப்பளவை மட்டும் கொண்டு இழப்பைக் கணக்கிடலாகாது என்பதே இங்கு எழுந்த முக்கியமான விஞ்ஞானக் கருத்து. மூழ்கவிருந்த பகுதி பள்ளத்தாக்கின் அடித்தளம். ஆற்றங்கரையின் செழுமை மிக்க மழைக்காடு. அங்கு வாழும் சோலைமந்தி எனப்படும் சிங்கவால் குரங்கு, மேற்குத் தொடர்ச்சி மலைகளிலன்றி உலகில் வேறெங்கும் காணப்படாதது. இது தரைக்கு அரிதாகவே இறங்கும். மரக் கிளைகள் ஒன்றோடொன்று பிணைந்த மேற்கூரை வழியாகவே இடம் பெயரும். வெடிப்பலா முதலிய மரங்கள் வெவ்வேறு காலத்தில் தரும் காயையும் பூவையும் தேடி அது நெடுந்தொலைவு செல்ல வேண்டியுள்ளது. காட்டின் நடுவே நீர்ப்பரப்பும் சாலையும் வந்தால், எஞ்சிய காடு பரப்பில் குறையாதெனினும் தொடர்ச்சி அறுபட்டுவிடும். மேலும், பல ஆண்டுகள் தங்கி வேலை செய்யும் தொழிலாளர்க்கு விறகும் குடியிருப்பும் வேண்டும். சாலை வழியே மரம் வெட்டுவோரும் வேட்டையாடுவோரும் வருவர். அணையின் நேர்விளைவைக் காட்டிலும் இத்தகைய சார்விளைவுகள் பெரியனவாதல் உண்டு.

1972-ஆம் ஆண்டு அமைக்கப்பெற்ற தேசியச் சுற்றுச்சூழல் திட்டமிடல் ஒருங்கிணைப்புக் குழு, இத்திட்டத்தை ஆராய ஜாபர் ஃபுட்டெஹல்லியின் தலைமையில் 1976-ஆம் ஆண்டு ஓர் ஆய்வுக் குழுவை நியமித்தது. திட்டத்தைக் கைவிடுதலே நன்று என அக்குழு கருதியது. எனினும், கைவிட இயலாதாயின் கைக்கொள்ள வேண்டிய பாதுகாப்பு விதிகள் எனச் சிலவற்றையும் கூறியது. இதன் விளைவு கருதத்தக்கது. முதற் பரிந்துரை ஒதுக்கப்பட்டது. பாதுகாப்பு விதிகளை ஏற்பதாகச் சொல்லி வேலையைத் தொடர முயற்சி நடந்தது. ‘வேண்டாம்’ என்னும் முடிவோடு நிபந்தனைப் பட்டியலையும் இணைத்தால், நிபந்தனைகளே அனுமதியாக மாறிவிடக் கூடும் என்பதை மதிப்பீட்டாளர் மறவாதிருத்தல் வேண்டும்.

இதன் பின்னர்க் கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் என்னும் அறிவியல் இயக்கம் இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டது. பள்ளி, கல்லூரி ஆசிரியர் பலர் உறுப்பினராயிருந்த இவ்வியக்கம், தாவரவியலார், பொறியாளர், பொருளியலார் ஆகியோரைக் கொண்டு திட்டத்தை ஆராய்ந்து, மின்சாரத் தேவையை வேறு வழிகளில் நிறைவு செய்தல் கூடும் என வாதிட்டது. காட்டைக் காக்க வேண்டும் என்று மட்டும் கூறாமல், மாற்று வழி யாது என்ற வினாவுக்கும் விடை கூற முற்பட்டமையே அவ்வாய்வின் வலிமை. வேளாண்மை விஞ்ஞானி எம். எஸ். சுவாமிநாதன் 1979-ஆம் ஆண்டு அப்பகுதியை ஆராய்ந்து, அமைதிப் பள்ளத்தாக்கையும் அதனையடுத்த அட்டப்பாடி, நீலகிரியின் குந்தா முதலிய காடுகளையும் சேர்த்துக் காக்க வேண்டும் எனக் கருத்துரைத்தார். இறுதியில், எம். ஜி. கே. மேனன் தலைமையில் மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்தமைத்த குழுவின் ஆய்வுக்குப் பின்னர், 1983-ஆம் ஆண்டு திட்டம் கைவிடப்பட்டது. 89.52 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அக்காடு 1984-ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்று, 1985-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் தொடங்கி வைக்கப்பட்டது.

சட்டமும் நடைமுறையும்

உலகில் இத்தகைய மதிப்பீட்டை முதன்முதலில் சட்டத்தால் கட்டாயமாக்கிய நாடு அமெரிக்கா. அதற்குரிய சட்டம் 1970-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் கையெழுத்தாயிற்று. இந்தியாவில் 1976-77-ஆம் ஆண்டில் திட்டக் குழு, ஆற்றுப் பள்ளத்தாக்குத் திட்டங்களைச் சுற்றுச்சூழல் நோக்கில் ஆராயுமாறு அறிவியல் தொழில்நுட்பத் துறையைக் கேட்டுக்கொண்டது. போபால் நச்சுவாயு விபத்து 1984-ஆம் ஆண்டு டிசம்பரில் நிகழ்ந்தது. 1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பெற்றது. அச்சட்டத்தின்கீழ் 1994-ஆம் ஆண்டு ஜனவரி 27-ஆம் நாள் வெளியான அறிவிக்கை, குறிப்பிட்ட வகைத் திட்டங்களுக்கு முன் மதிப்பீட்டைக் கட்டாயமாக்கிற்று. 1997-ஆம் ஆண்டு பொதுமக்கள் கருத்துக் கேட்பு சேர்க்கப்பட்டது. 2006-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் புதிய அறிவிக்கை பழையதற்கு மாற்றாக வெளியிடப்பட்டது.

2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி மதிப்பீடு நான்கு நிலைகளையுடையது.

1. வகைப்படுத்துதல். திட்டங்கள் ‘அ’ எனவும் ‘ஆ’ எனவும் இரு பிரிவாகும். ‘அ’ பிரிவு மத்திய அமைச்சகத்தாலும், ‘ஆ’ பிரிவு மாநில அளவிலான ஆணையத்தாலும் ஆராயப்படும். ‘ஆ’ பிரிவுத் திட்டங்களுள் முழு மதிப்பீட்டு அறிக்கை வேண்டுவன எவை, வேண்டாதன எவை என்பது இந்நிலையில் முடிவு செய்யப்படும். இப்பிரிவுகளுக்குரிய அளவுகள் காலத்துக்குக் காலம் திருத்தப்படுவதால், நடைமுறையிலுள்ள திருத்தத்தைப் பார்த்தே கூறவேண்டும்.

2. எல்லை வகுத்தல். எவ்வெவ் விளைவுகளை, எவ்வளவு பரப்பில், எத்தனை காலம் ஆராய வேண்டும் என்பதை வல்லுநர் குழு வரையறுக்கிறது. கேட்கப்படாத வினாவுக்கு அறிக்கையில் விடை இராது. ஆதலின் இந்நிலை மிக முக்கியமானது.

3. பொதுமக்கள் கருத்து. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், திட்டமிடப்பட்ட இடத்திலோ அதற்கு மிக அருகிலோ கூட்டம் நடத்தும். குறைந்தது 30 நாட்களுக்கு முன்னர் நாளேடுகளில் அறிவிப்பு வெளியிட வேண்டும். அறிக்கையின் சுருக்கம் அவ்வட்டார மொழியிலும் கிடைத்தல் வேண்டும். மாவட்ட ஆட்சியர் அல்லது கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதி தலைமை வகிப்பார். நடவடிக்கை முழுதும் ஒளிப்பதிவு செய்யப்படும்.

4. ஆய்ந்து முடிவு செய்தல். அறிக்கை, மக்கள் கருத்து, அதற்குத் திட்டத்தார் அளித்த விடை ஆகியவற்றை வல்லுநர் குழு ஆராய்ந்து, அனுமதி அளிக்கலாமா, எந்நிபந்தனைகளுடன் அளிக்கலாம், அன்றி மறுக்கலாமா எனப் பரிந்துரைக்கும்.

அனுமதி பெற்ற பின்னரும், நிபந்தனைகள் எவ்வாறு நிறைவேறுகின்றன என்பது பற்றி ஆண்டுதோறும் ஜூன் முதல் நாளும் டிசம்பர் முதல் நாளும் அறிக்கை தருதல் திட்டத்தாரின் கடமையாக வகுக்கப்பட்டது.

அடிநிலை விவரம்

மதிப்பீடு என்னும் கட்டடத்துக்கு அடித்தளம், திட்டத்துக்கு முன்னிருந்த நிலையைப் பற்றிய விவரமே. இதனை அடிநிலை விவரம் என்பர். இதனைச் சேகரிப்பதற்குரிய காலம் ஒரே ஒரு முறைதான் வாய்க்கும். வேலை தொடங்கிய பின்னர், ‘இந்த ஓடையில் முன்பு எத்தனை வகை மீன்கள் இருந்தன? இக்கிணற்றின் நீர் முன்பு எவ்வளவு ஆழத்திலிருந்தது?’ என்னும் வினாக்களுக்கு விடை காணல் அரிது. பாதிக்கப்பட்டவர் தம் இழப்பை மெய்ப்பிக்க இயலாமற் போவதும், குற்றமற்ற திட்டத்தின்மீது வீண்பழி சுமத்தப்படுவதும் அடிநிலை விவரம் இல்லாமையாலேயே ஆகும்.

கள ஊழியர் எளிய கருவிகளைக் கொண்டே இவ்விவரத்திற் பெரும்பகுதியைச் சேகரிக்கலாம்.

கிணற்று நீர்மட்டம்: எடை கட்டிய அளவுநாடாவைக் கொண்டு மாதம் ஒருமுறை, ஒரே நாளில், ஒரே இடத்திலிருந்து அளத்தல் வேண்டும். இறைத்தவுடன் அளந்தால் பிழையான அளவு கிடைக்கும். காலையில் இறைப்பதற்கு முன் அளப்பதே தக்கது.

ஓடையின் நீரோட்டம்: நேராக ஓடும் பகுதியில் 10 மீட்டர் நீளத்தை அளந்து குறித்து, மிதக்கும் கட்டை ஒன்றை விட்டு அது கடக்கும் நேரத்தைப் பார்க்கவேண்டும். ஓடையின் அகலம் 4 மீட்டர், சராசரி ஆழம் அரை மீட்டர், கட்டை கடந்த நேரம் 20 விநாடி எனில், மேற்பரப்பு வேகம் விநாடிக்கு 0.5 மீட்டர். மேற்பரப்பைவிட அடியில் வேகம் குறைவாதலின் இதனை 0.85-ஆல் பெருக்குவது வழக்கம். 4 × 0.5 × 0.5 × 0.85 = 0.85. ஆகவே விநாடிக்கு 0.85 கன மீட்டர் நீர் ஓடுகிறது. கோடையில் மிகக் குறைந்த நீரோட்டத்தை அளத்தல் தவறலாகாது. மீன்களும் கால்நடைகளும் பிழைப்பது அந்நீரைக் கொண்டே.

தாவரங்கள்: மரங்களுக்கு 10 மீட்டர் பக்கமுள்ள சதுரமும், புற்பூண்டுகளுக்கு 1 மீட்டர் பக்கமுள்ள சதுரமும் குறித்து, அதனுள் இருப்பவற்றை இனவாரியாக எண்ண வேண்டும். வளமான இடத்தில் மட்டும் சதுரங்களை வகுத்தலும், வறண்ட இடத்தில் மட்டும் வகுத்தலும் ஒருதலைப்பட்சமான முடிவைத் தரும்.

மக்களின் பயன்பாடு: மேய்ச்சல், விறகு, மீன்பிடித்தல், தேன், மருந்துப் பூண்டு ஆகியவற்றுக்கு எத்தனைக் குடும்பங்கள் அந்நிலத்தை நம்பியுள்ளன எனக் கேட்டறிய வேண்டும். வருவாய்க் கணக்கில் தரிசு என எழுதப்பட்டிருக்கும் நிலம், ஏழைக் குடும்பங்களுக்கு மேய்ச்சல் நிலமாயிருத்தல் மிகுதி. ஆடவரை மட்டும் கேட்டால் விறகும் தண்ணீரும் பற்றிய உண்மை முழுதும் வெளிப்படாது. அவற்றைச் சுமப்பவர் பெண்டிர்.

பருவமும் கருதத்தக்கது. ஒரே பருவத்தில் எடுத்த விவரம் ஆண்டு முழுமைக்கும் பொருந்தாது. கோடையில் வறண்டு கிடக்கும் பள்ளம் மழைக்காலத்தில் தவளைகளும் மீன்களும் இனம்பெருக்கும் இடமாகலாம். குளிர்காலத்தில் மட்டும் வரும் வலசைப் பறவைகளை மே மாதத்தில் காண இயலாது.

மதிப்பீட்டில் நேரும் குறைகள்

இம்முறையில் குறைகளும் உள. அறிக்கை தயாரிக்கும் செலவைத் திட்டத்தாரே ஏற்கின்றனராதலால், அறிக்கை எழுதுவோர் அவர்தம் விருப்பத்துக்கு இசைய நேரலாம். ஓரிடத்துக்கென எழுதிய விவரத்தை மற்றோரிடத்து அறிக்கையிலும் அவ்வாறே சேர்த்தல் உண்டு. அவ்வட்டாரத்தில் இல்லாத மரமோ பறவையோ பட்டியலில் காணப்படின், எஞ்சிய பகுதிகளையும் ஐயத்துடனேயே நோக்க வேண்டும். இதனைக் கண்டுபிடிக்க வல்லவர் தலைநகரிலுள்ள வல்லுநரைக் காட்டிலும் அவ்வட்டாரத்து ஊழியரும் ஆசிரியருமே.

மற்றொரு குறை, ஒவ்வொரு திட்டத்தையும் தனித்தனியே நோக்குதல். ஓர் ஆற்றில் ஒரு சிறிய மணற்குவாரி பெருங்கேடு செய்யாதிருக்கலாம். இருபது குவாரிகள் சேர்ந்தால் ஆற்றின் படுகையே தாழ்ந்து, கரையோரக் கிணறுகள் வற்றும். பெரிய குத்தகையைச் சிறு துண்டுகளாக்கி மதிப்பீட்டிலிருந்து தப்புதலும் நடந்ததுண்டு. அரியானாவைச் சேர்ந்த தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள் இதனை ஆராய்ந்து, 5 ஹெக்டேருக்குக் குறைந்த சிறு கனிமக் குத்தகைகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் எனப் பணித்தது.

பள்ளிகளில் செய்யத்தக்க பயிற்சி

உயர்நிலை வகுப்பு மாணவர்க்கு இப்பாடத்தைச் செயல்வழி கற்பிக்கலாம். பள்ளிக்கு அருகிலுள்ள ஓடையில் தடுப்பணை ஒன்று கட்டவிருப்பதாகக் கொண்டு, மாணவரை நான்கு குழுக்களாகப் பிரிக்க வேண்டும். முதற் குழு அணைக்கு மேலும் கீழுமுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தை ஓராண்டு அளக்கட்டும். இரண்டாம் குழு நீரோட்டத்தையும் நீரில் வாழ்வனவற்றையும் குறிக்கட்டும். மூன்றாம் குழு கரையிலுள்ள மரஞ்செடிகளை எண்ணட்டும். நான்காம் குழு மேற்புறத்து உழவரையும் கீழ்ப்புறத்து உழவரையும் கண்டு கேட்டறியட்டும். பின்னர் மாதிரிக் கருத்துக் கேட்புக் கூட்டம் ஒன்று நடத்தி, அணையால் நீர் பெறுவோர் சார்பிலும், நீர் குறைவோர் சார்பிலும் மாணவர் பேசலாம்.

இறுதியில் மாணவர் விடை எழுத வேண்டிய வினாக்கள் வருமாறு:

1. இத்திட்டத்தால் பயன் பெறுவோர் யார்? இழப்பு அடைவோர் யார்? இருவரும் ஒருவரேயா?

2. தோன்றும் விளைவுகளுள் மீட்கக்கூடியவை எவை? மீட்கவியலாதவை எவை?

3. இதே பயனை வேறிடத்திலோ வேறு முறையிலோ பெறலாமா? திட்டமே இல்லாதிருப்பின் நிலைமை என்னவாகும்?

4. நீர்மட்டம் 9 மீட்டர் ஆழத்திலுள்ள நிலத்தில், அது ஆண்டுக்கு 20 சென்டிமீட்டர் உயருமாயின், எத்தனை ஆண்டுகளில் தரையிலிருந்து 2 மீட்டரை எட்டும்? (விடை: 35 ஆண்டுகள்.)

5. கணித்த விளைவு சரியா தவறா என்பதைப் பின்னர் அறிய, எதனை, எங்கே, எத்தனை நாளுக்கொருமுறை அளக்க வேண்டும்?

இவ்வைந்தனுள் இரண்டாம் வினாவே தலையாயது. உடைந்த கரையை மறுபடியும் கட்டலாம். நட்டமடைந்த பணத்தை மற்றோராண்டில் ஈட்டலாம். உவராகிப்போன வயலைத் திருத்த ஒரு தலைமுறை வேண்டும். அற்றுப்போன உயிரினத்தைத் திருப்பித் தர எவராலும் ஆகாது. ஆதலின் மீட்கவியலாத இழப்பு நேரக்கூடிய இடத்தில், விரைந்து முடிவு செய்வதிலும் பொறுத்திருந்து அளந்தறிவதே அறிவுடைமை. அவ்வாறு அளந்தறிவதற்கு வேண்டுவன ஓர் அளவுநாடா, ஒரு குறிப்பேடு, தவறாது ஆண்டு முழுதும் குறித்து வரும் பழக்கம் ஆகியவையே. இவை ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒவ்வொரு பள்ளியிலும் எளிதில் அமையக்கூடியனவாம்.